எட்டிப் பார்த்த வீடு

மார்த்தாண்டத்தில் ஆபேல் வாடகைக்கு விடக் கட்டிய வீடு, 2018 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்றரை அடி எழும்பியது. சுவரில் கீறல் விழவில்லை, டைல்ஸ் ஒன்றுகூடப் பெயரவில்லை. அஸ்திவாரத்துக்குக் கீழே ஒரு பூனை தாராளமாக நடந்து போகும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் தங்கை ஞானபாயின் வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அதே காலையில்தான் பால் காய்ச்சினார்கள். ஆபேலின் வீடு பூட்டிக் கிடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீடு எட்டிப் பார்க்கிறது என்று தெருவில் சொன்னார்கள். பார்த்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

அப்பா விட்டுப்போன பதினாறு சென்ட் தென்னை விளையை அண்ணனும் தங்கையும் ஆளுக்கு எட்டு சென்டாகப் பிரித்துக்கொண்டவர்கள். ஆபேல் மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வீட்டு ஏசியைச் சரிசெய்து சம்பாதித்ததை எல்லாம் இந்த ஒரே வீட்டில் போட்டார். பென்ஷன் கிடையாது. அவரும் மனைவி சத்தியபாயும் பின்பக்கம் ஒரு சிறிய கட்டிடத்தில் இருந்துகொண்டு, முன்வீட்டு வாடகையில்தான் காலம் தள்ள வேண்டும். ஞானபாய் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. தன் எட்டு சென்டில் சிக்கனமாக மூன்று சின்ன வீடுகளை வரிசையாகக் கட்டி வைத்திருந்தாள்.

அவள் ஊர் நடப்பைவிட ஐந்நூறு ரூபாய் குறைத்துத்தான் கேட்பாள். குழாய் ஒழுகுகிறது என்றால் மதியச் சோற்றுக்கு முன்னால் பிளம்பர் வந்து நிற்பான். என்ன வேலை என்று விசாரிக்கமாட்டாள், எத்தனை வருடம் இருப்பீர்கள் என்றுதான் கேட்பாள். ஆபேலோ வாசலுக்குக் கிரானைட் பதித்தார், விலையைக் குறைத்தால் வீட்டின் மதிப்புப் போய்விடும் என்றார், பத்து மாத அட்வான்ஸ் கேட்டார், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள் கருவாடு சுடக் கூடாது என்று அக்ரிமெண்டில் தனியாக ஒரு வரி எழுதி வைத்தார். நம்மூரில் இப்படியும் ஒரு மனுஷன்! அவருக்கே கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நர்ஸ் குடும்பம் வாடகைக்கு வரும், அவர்களுக்கு அந்த வாடை ஆகாது என்று யாரோ ஒரு தரகர் சொன்னதை நம்பிவிட்டார்.

வயிறு எரிந்தது அவருக்கு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், தங்கை வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்வதைப் பார்த்தால்கூட எரிந்தது. பார்க்காமல் இருக்கலாம் என்று மதிலை மூன்று அடி உயர்த்தினார். வீடும் மூன்று அடி உயர்ந்தது. வில்லேஜ் ஆபீஸிலிருந்து வந்து அளந்தவர், தரைப்பரப்பில் மாற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போனார். ஆபேல் இரும்பில் படி செய்து வைத்தார். வீடு எழும்ப எழும்ப அதில் படிகளை ஒட்டவைத்தார். வராது வந்த வினோஜ் என்ற வங்கி ஊழியர் ஒன்பது மாதம் இருந்து பார்த்தார். தண்ணீர் ஏறவில்லை, சிலிண்டர்காரன் படிக்குப் பத்து ரூபாய் கேட்டான். அவர் சாமான்களைக் கட்டி இறக்கி நேராக ஞானபாயின் நடுவீட்டுக்குக் குடிபோன அன்று, வீடு ஒரே மூச்சில் பதினொரு அடி ஏறித் தென்னையின் தலைக்குச் சமமாக நின்றது. அதன்பின் இரண்டு வருடம் யாரும் வரவில்லை. சத்தியபாய் தன் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்தாள், ஆபேல் அதை அடகு வைத்து அரிசி வாங்கினார்.

2022 மே மாதம் இனயம் கடற்கரையிலிருந்து ஜின்சி வந்தாள். பிள்ளைகளை மார்த்தாண்டத்தில் படிக்க வைக்க வீடு தேடியவள். இரும்புப் படியேறி மேலே போய், மொட்டைமாடியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு இறங்கினாள்.

“மாமா, மேல நின்னா கடலு தெரியுது. எனக்க மாப்பிள ஜெரிஷுக்க மீன்பிடி போட்டு தேங்காப்பட்டணத்துல இருந்து போனா, திரும்பி வர நாப்பது நாளாவும். இங்க நின்னு பாத்துக்கிடுவேன். நான் மீனும் வைப்பேன், கருவாடும் சுடுவேன். வீட்ட மட்டும் எறக்கிராதீங்க.”

“யாரு சொல்லி வந்த மக்கா?”

“பக்கத்து வீட்டு ஞானபாய் அக்கா.”

ஆபேலுக்குச் சுருக்கென்று தைத்தது. வீடு ஒரு சாண் ஏறியதும் அதனால்தான். ஆனாலும் சாவியைக் கொடுத்தார். அக்ரிமெண்டில் அந்த வரியை அவரே பேனாவால் அடித்தார்.

வாடகை தவறாமல் வந்தது. செயின் சத்தியபாயின் கழுத்துக்குத் திரும்பியது. ஆபேல் நன்றாகத் தூங்கினார், மதில் பக்கம் பார்ப்பதையே மறந்தார். வீடு நான்கு அடி இறங்கியது. கடல் தெரியவில்லை, இப்படியென்றால் வேறு இடம் பார்க்கவேண்டும் என்று ஜின்சி வந்து சொன்னாள். ஆபேல் மூன்று நாள் தங்கை வீட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் எரியவில்லை. கடைசியில் ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் கேட்டைத் திறந்துகொண்டு போனார்.

“ஏட்டி, ஒன்னக் கண்டா எனக்கு இப்போ ஒண்ணும் தோணல்ல. என்ன செய்ய?”

“நீ போ அண்ணா. நான் பாத்துக்கிடுதேன்.”

மறுமாதமே ஞானபாய் மாடி எடுக்கத் தொடங்கினாள். கட்டி முடித்து, வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குத் தெரு முழுவதையும் அழைத்து, அண்ணனுக்குக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். பிரியாணியும் அவருக்குக் கடைசியில்தான் வந்தது. வீடு ஐந்து அடி ஏறியது. அதற்குப் பிறகும் அண்ணனுக்கு வயிறு எரிய வருடத்துக்கு ஒன்றாவது செய்துவிடுவாள். ஒருமுறை வாடகையைக் கூட்டினாள். குடியிருப்பவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள் என்று மதிலுக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னாள்.

போன வருடம் நவம்பரில் ஞானபாய் நெஞ்சுவலி வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆபேல் வராந்தாவிலேயே இருந்தார். அந்தப் பதினெட்டு நாளில் வீடு இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது. ஜெரிஷின் படகு கடலில்தான் இருந்தது. ஜின்சி மொட்டைமாடியில் நின்று பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. அவள் வேறு வீடு தேடவும் இல்லை, யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆபேல்தான் தங்கையைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்கினார். பாதி உடம்பாகியிருந்தாள். மண்ணில் கிடந்த வீட்டை ஏற இறங்கப் பார்த்தாள். நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“அண்ணா, வெளிநாட்டுல வேல பாத்துட்டு வந்த ரெண்டு நர்ஸு ஆஸ்பத்திரியில வச்சு எனக்க மாடிய வாடகைக்கு கேட்டாவ. அண்ணனுக்க வீட்டப் பாருங்கன்னு சொன்னேன். அது வேண்டாம்னுட்டாவ.”

ஆபேலுக்கு அழுகை முட்டியது, வயிறும் எரிந்தது. “ஒனக்கு மட்டும் எப்படிட்டி ஆளு கெடைக்குது?” என்று கத்திக்கொண்டே அவளை விடாமல் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். பின்னால் வீடு எழும்புகிற சத்தம் கேட்டது. ஜின்சி அடுப்பை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள்.