கிரேன் தூக்கியவை

மகளுக்கு நான்கு வயது முடிந்த மாதம், கிரேன் வீட்டில் மின்விசிறியை மூன்றாம் எண்ணில் வைத்தால் குழந்தை எதிர்ச்சுவர் வரை போய் ஒட்டிக்கொண்டாள். இரண்டில் வைத்தால் கால் பாவாமல் வழுக்கினாள். ஒன்றில் எதுவும் ஆகவில்லை, ஆனால் எல்லோருக்கும் வியர்த்தது. கிரேனின் மனைவி தராசு பழுதுபார்ப்பவர். குழந்தையை வீட்டுத் தராசில் நிறுத்திப் பார்த்தார். பதினான்கு கிலோ, வயதுக்கேற்ற எடை. பதினான்கு கிலோ இரும்பை எந்த மின்விசிறியும் அசைக்காது, மகளை மட்டும் ஏன் அசைக்கிறது என்பதற்குத்தான் அவருக்கு விடை கிடைக்கவில்லை.

கிரேன் என்பது பட்டப்பெயர். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், இயந்திரம் பழுதான ஒரு நாளில் அதன் வேலையை மாலைக்குள் தனியாக முடித்தார்; பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஏழு ஆண்டுகள் பலசாலிப் போட்டிகளில் அவர் தோற்கவே இல்லை. போன ஆண்டு திணறவைத்த அதே கற்கள் இந்த ஆண்டு சுலபமாக வந்தன. உடம்பு ஏறியிருக்கிறது என்றார்கள். ஏறித்தான் இருந்தது. இடுப்பளவு மாறவில்லை, ஆனால் மாடிப்படிகள் மூன்று உடைந்தன, கட்டில் போய் சிமெண்ட் மேடை வந்தது, வாசல் மண்ணில் அவர் கால்தடம் முழங்கால் ஆழத்துக்குப் பதிந்து, மழைக்குப் பின் பூனைகள் அதில் எட்டிப்பார்த்து நின்றன. எட்டாம் ஆண்டுப் போட்டிக்கு முன்தினம், மைதானத்தில் வைத்திருந்த பெரிய கல் காற்றில் உருண்டுபோய் வேலியில் முட்டி நின்றது. காவலாளி அதைக் காலால் தள்ளிவந்து பழைய இடத்தில் வைத்தார். 

தினமும் மாலையில் கிரேன் மகளைக் கூரை தொடும்வரை பத்து முறை தூக்குவார். "இன்னும் ஒண்ணுப்பா" என்பாள், பதினொன்றாகும். இப்போது கையில் கனமே தெரியவில்லை என்று மனைவியிடம் சொன்னார். மனைவிக்கும் இடுப்பில் வைத்தால் குழந்தை லேசாகத்தான் தெரிந்தாள். ஆனால் கை சொல்வதை விட்டு முள் சொல்வதை நம்புவது அந்தத் தொழிலின் பழக்கம். மாதம் ஒருமுறை இருபது கிலோ எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பார். முள் இருபதுக்குக் கீழே நின்றால் தராசுதான் கெட்டது என்று திருகி இருபதுக்குக் கொண்டுவருவார். சில ஆண்டுகளாக மாதம் தவறாமல் திருகிக்கொண்டே இருந்தார். அவர் கர்ப்பமாக இருந்தபோது கிரேன்தான் எடைக்கல்லைத் தூக்கித் தராசில் வைத்தார். பிரசவத்துக்குப் பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது; மற்ற நாட்களில் அதே கல்லைத் தினமும் தூக்கிப் பயிற்சியும் செய்தார்.

லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி ஒருநாள் வந்து, காலில் இடறிய எடைக்கல்லை ஒரு கையால் எடுத்து ஓரமாக வைத்தான். "என்னக்கா, கல்லைக் குடைஞ்சு உள்ள இருக்கிறத வித்துட்டியா?"

அக்கா தராசுத் தொழில்காரர் ஒருவரிடம் வேறொரு எடைக்கல்லை இரவல் வாங்கி, கணவனைத் தொடவிடாமல், தம்பியை விட்டுத் தராசில் வைக்கச் சொன்னார். இருபது கிலோ கல்லுக்கு முள் தொண்ணூறு காட்டியது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்: தராசு நாலரை மடங்கு கூட்டிக் காட்டுகிறது. மகள் உண்மையில் மூன்று கிலோ நூறு கிராம்.

"பொறந்தப்போ இருந்த எடைங்க" என்றார்.

பிறகு கிரேனை அந்தக் கல்லை நூறு முறை தூக்கச் சொன்னார். கல்லில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது. பட்டறையின் பெரிய எடைமேடையில் கிரேனுக்குக் கூடியதும் அதே அளவு. அவருடைய மொத்த எடை அறுநூற்று நாற்பது கிலோ. தூக்கப்படுவதிலிருந்து தூக்குபவருக்கு, ஒவ்வொரு முறையும் கிலோவுக்கு இரண்டு கிராம் போகிறது. கீழே வைத்தால் திரும்புவதில்லை.

கிரேன் அன்றிலிருந்து மகளைத் தொடவில்லை. அவள் மாலையில் கைகளை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தான் உண்மையில் எவ்வளவு பலசாலி என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று யோசிப்பார். அவர் தூக்காமலே, அம்மா இடுப்பில் தூக்கி வைத்ததில் அவள் எடை மேலும் ஐம்பது கிராம் குறைந்தது. ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள். வாசற்கதவைத் திறக்குமுன் "பாப்பா எங்க?" என்று கேட்பது அந்த வீட்டில் வழக்கமானது.

தூக்குபவருக்குத்தான் எடை வருகிறது என்றால், மகள் அப்பாவைத் தூக்க வேண்டும். இதைச் சொன்னவர் மனைவி, செய்துகாட்டியவன் தம்பி. பட்டறைச் சங்கிலிக் கப்பியில் ஒரு முழம் இழுத்தால் பாரம் ஒரு விரற்கடைகூட ஏறாது. அதனால்தான் பெரிய பாரத்தைச் சிறிய கை தூக்குகிறது. முதலில் தம்பியே இழுத்துப் பார்த்தான். கிரேனின் பாதம் தரையை விட்டது. தம்பிக்கு ஒன்றேகால் கிலோ ஏறியது. "போதும் மாமா, என் பெல்ட்டுல இதுக்கு மேல ஓட்டை இல்ல."

ஆனால் அந்தச் சங்கிலியை இழுக்கக் குழந்தையின் பலம் போதவில்லை. எனவே பெரிய கப்பியின் கைச்சங்கிலியைச் சிறிய கப்பியின் கொக்கியில் மாட்டினார்கள். குழந்தை தானே மேலே போய்விடாமல், தரையில் முடுக்கிய பெஞ்சில் வாரால் கட்டினார்கள். சிறிய கப்பியின் சங்கிலியை அவள் இரண்டரை மீட்டர் இழுத்தால், அப்பா ஒரு நகக்கனம் எழும்புகிறார். உயரம் முக்கியமில்லை, தரையை விட்டால் போதும். ஒன்பது காலைகளில் அவள் எடை பதினான்குக்கு வந்தது.

இப்போது கிரேன் மாலையில் மகளைப் பத்து முறை தூக்குகிறார், கேட்டால் பதினொன்று. நான்கு நாளுக்கு ஒருமுறை, பள்ளிக்குப் போகுமுன், மகள் அவரை ஒருமுறை தூக்குகிறாள்.