மென்றுகொண்டு பிறந்த பிள்ளை

றொசல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் சர்மிளாவுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. பல்லில்லாத வாயால் அது பிறந்த நொடியிலிருந்து மென்றுகொண்டிருந்தது. மார்பில் வைத்தாலும் கன்றுக்குட்டி அசைபோடுவதுபோலத் தாடையை ஆட்டியதே தவிர, பால் இறங்கவில்லை. உறிஞ்சுவதற்கான பாதை தாய் வயிற்றிலேயே மூளையில் அமைந்துவிடும், மெல்லுவதற்கான பாதை மாதக்கணக்கில் பிந்தித்தான் வரும், இந்தப் பிள்ளைக்கு இரண்டும் இடம் மாறிவிட்டன என்றாள் தோட்டத்து மருத்துவிச்சி ஜெயமலர்.

அதே காலையில், வரிசை வீடுகளான அந்த லயத்தின் பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி கந்தப்பன், ரொட்டியை மெல்ல முடியாமல் சப்பிக்கொண்டிருந்தார். லயமே அவரைச் சந்தேகப்பட்டது.

"பச்சப்புள்ள வாயத் திருடிட்டீங்களே!" என்று சர்மிளா வாசலில் நின்று கத்தினாள்.

"நான் எங்கம்மா திருடுனேன்? என் வாயிதான் காணாமப் போயிருச்சு" என்றார் அவர்.

ஜெயமலர் பால்மாவைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி அவரிடம் கொடுத்துப் பார்த்தாள். அவர் உறிஞ்சி முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஏப்பம் விட்டது. துணியில் முடிந்த ரொட்டித் துண்டைக் குழந்தை மென்றபோது கந்தப்பனின் பசி அடங்கியது.

வழி தெரிந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. அவர் பாலைப் பூனைக்கு ஊற்றிவிடுகிறாரோ என்று சர்மிளா கதவிடுக்கில் நின்று பார்த்தாள். துணிக்குள் ரொட்டி இருக்கிறதா என்று அவர் தினமும் தடவிப் பார்த்தார். பிள்ளை தேறவில்லை என்ற கோபத்தில் ஒருநாள் சர்மிளா ரொட்டி வைக்காமல் வெறும் துணியை முடிந்து குழந்தைக்கு மெல்லக் கொடுத்தாள், அவரும் பட்டினி கிடந்து பார்க்கட்டும் என்று. மறுநாள் கந்தப்பன் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் மயங்கி விழுந்தார். அவர் உறிஞ்சாததால் தொட்டிலில் குழந்தையின் உதடு நீலமானது. சர்மிளா மலைப்பாதையில் புட்டியோடு ஓடி, அவர் தலையை மடியில் தூக்கி வைத்தாள்.

"குடிங்கண்ணே. நான்தான் வெறுந்துணி குடுத்தேன்."

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அவர் உறிஞ்சினார். லயத்தில் குழந்தை வீறிட்டு அழுதது மாடிவரை கேட்டது.

ஆறாம் மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தார்கள். ஆகவில்லை. இப்போது பிள்ளை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் மற்றக் குழந்தைகளுக்கு முன்பாகவே சோறு மென்று தின்கிறாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கந்தப்பன் பக்கத்துப் பாயில் சாய்ந்து பால் குடிக்கிறார். ஆயா வாய் துடைத்துவிடும்போது அவரையும் விடுவதில்லை.