சுவரை ஒட்டி நின்ற கார்

காலை ஒன்பது மணிக்குத் தையல்காரி தன் வீட்டு வாசலில், சுவரிலிருந்து சற்று முன்னால் தள்ளி நிறுத்திய அண்ணனுடைய காருக்குப் பின்னால், பழைய போர்வையை விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு வாளி ஐஸ் தண்ணீர். ரப்பர் உறை மாட்டிய கையில், சட்டைக் கையை நுழைத்துத் தேய்க்கிற மரக்கட்டை. பதினோரு மணிக்கு அண்ணனும் அண்ணியும் பயணம் முடிந்து, காரை எடுத்துப்போக இங்கே வந்து இறங்குவார்கள். அதற்குள் பின்பக்க பிளாஸ்டிக் பம்பரின் வலது மூலையில் தட்டு அகலத்துக்கு உள்வாங்கியிருந்த பள்ளம் மறைந்தாக வேண்டும். இல்லையென்றால், நாற்பத்திரண்டு வயதில் மூன்றாம் முறை போராடி வாங்கிய லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவளை நம்பிக் கார் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் சாவியைக் கொடுத்தபோதே சொன்னான். "பதினெட்டு வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் கிடையாது. ஏதாவது ஆச்சு, சாவிய மறந்துடு." கூடவே ஒரு பாடம்: "நிறுத்தும்போது எப்பவும் ரிவர்ஸ்ல போய் சுவரோட ஒட்டி நிறுத்து. அதான் முறை." சொன்னபடி ஒட்டப் போய்த்தான் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் பம்பரைக் குத்தியது.

அவள் கணவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர், யோசனைக்குப் பஞ்சமே இல்லாதவர். குளியலறை அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தைப் பள்ளத்தில் அழுத்தி, காலை ஊன்றி இழுத்தார். கிண்ணம் கழன்றது, பம்பர் அசையவில்லை, அவர் மட்டும் பின்பக்கம் கன்றிப்போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே."

"அவர் நாளைக்குத்தான்னு சொல்லிட்டார். நீங்க கொதிக்கிற தண்ணிய மெதுவா ஊத்துங்க."

முதல் தடவை பள்ளம் அரைவாசி எழும்பி, மறுபடி பழையபடியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அந்த முரண்டு அவளுக்குப் புதிதில்லை. இருபது வருடமாக எத்தனை காலர்கள் அவளிடம் இப்படி வீம்பு பிடித்திருக்கின்றன!

"சூடு பத்தலங்க. இன்னொரு கெட்டில் கொண்டாங்க. சூடு முழுசா ஏறணும், அப்புறம் அமுக்குன கைய எடுக்காம ஆறவிடணும்."

இந்த முறை அவசரப்படவில்லை. ஆவி முகத்தில் அடிக்க, அடியிலிருந்து கையை உள்ளே நுழைத்துக் கட்டையின் உருண்ட முனையைப் பள்ளத்தின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து, ஓரத்திலிருந்தே சுற்றிச் சுற்றி அழுத்தினாள். 'டொப்' என்றது. "ஐஸ் தண்ணி!" என்று கத்தினாள். அவர் வாளியோடு கவிழ்த்தார், பாதி அவள் தலையில். கையை எடுத்தபோது பம்பர் புதிதுபோல் மின்னியது.

அப்போதுதான் இடது மூலையிலும் ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. குழாய் ஒன்று, பள்ளம் இரண்டா? அதில் அழுக்கு வேறு கெட்டியாகப் படிந்திருந்தது. அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? இன்னும் இரண்டு கெட்டில். இன்னொரு 'டொப்'.

அண்ணன் வந்ததும் வராததுமாக, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். தங்கையின் ஈரத்தலையை அவன் கவனிக்கவில்லை. வலது மூலையைத் தாண்டினான். இடது மூலையில் நின்றான். குனிந்தான். விரலால் தடவினான்.

"இங்க இருந்த பள்ளம் எங்க?"

கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவனுக்கே உறைத்தது. ஆட்டோவிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்த அண்ணி மெல்லத் திரும்பினாள்.

"எந்தப் பள்ளம்?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரிக்கோ ஒவ்வொன்றாகப் புரிந்தது. ரிவர்ஸ், சுவர், முறை! தன் பள்ளத்தை ஊர் கண்ணிலிருந்து மறைக்கத்தான் அவ்வளவு பெரிய பாடமா? சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இப்போதே தப்பித்துவிடலாம். ஆனால் இவ்வளவு அருமையான வேலையைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"வலது பக்கம் இருந்தது என்னோடது அண்ணா. நீங்க சொன்ன முறைப்படி ஒட்டி நிறுத்தினேன். இடது பக்கம் யாரோடதோ தெரியல. ரெண்டையும் நான்தான் எடுத்தேன்."

அண்ணி வலது மூலையையும் தடவிப் பார்த்தாள். பிறகு கணவனிடம் கையை நீட்டினாள். அவன் கையிலிருந்த சாவியைக் கொடுத்தான். அது நேராகத் தையல்காரியின் ஈரக்கைக்கு வந்து சேர்ந்தது.

"நீயே எங்கள வீட்ல கொண்டுபோய் விடு. இவர் பின்னாடி உக்காரட்டும்."

வழி முழுக்க அவள் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் வளைத்துத் திருப்பி, காரின் முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நிறுத்தினாள். பம்பரின் அடியில் தங்கியிருந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி காரின் பின்பக்கம் தெருவைப் பார்த்து நின்றது.