யோகேஸ் சேரின் மாணவி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்குப் பக்கத்து மின்கம்பத்தில் தன்னுடைய முகம் தொங்குவதைக் கிருஷாந்தி பஸ்ஸுக்குள் இருந்துதான் முதலில் பார்த்தாள். பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம். கறுப்பு அங்கி, அளவுக்கு மீறிய பவுடர். மழையில் பேனரின் ஒரு மூலை கழன்று அவளுடைய கன்னத்தின்மேல் மடிந்து கிடந்தது. 'ஹட்டனில் முதல் தடவையாக! எம்.பி.ஏ நுழைவுப் பரீட்சை வகுப்பு' என்று சிவப்பு எழுத்து. வழிகாட்டுபவர் யோகேஸ்வரன், உயர்தரத்தில் அவளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தந்த டியூஷன் சேர். அவளுடைய படத்துக்குக் கீழே பெயர்கூட இல்லை. 'சேரின் மாணவி' என்று மட்டும் போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண், பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ நுழைவுப் பரீட்சை எழுதப் போவதாகக் கோயிலில் கண்டபோது சேரிடம் சொன்னாள், அவ்வளவுதான். அவள் வேலை செய்த காப்புறுதிக் கம்பனியின் ஹட்டன் கிளைக்கு மெனேஜராக வருபவர்கள் எல்லாரும் கொழும்பிலிருந்துதான் வந்தார்கள். ஒரு வருடம் இருப்பார்கள், குளிரைத் திட்டுவார்கள், போய்விடுவார்கள். அந்தக் கதிரையில் உட்கார வேண்டுமானால் எம்.பி.ஏ வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அந்தக் கதிரைகூடப் பெரிதில்லை. டிக்கோயாவில், தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவின் தகரக் கூரைக்குக் கீழே அம்மாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கும்போது, கொழும்பில் ஏதோவொரு மாடியில், கதவைப் பூட்டினால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காத ஓர் அறையை நினைத்துக்கொள்வாள்.

பரீட்சைக்குப் படிக்க கண்டியில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று இருந்தது. பலபேர் அங்கே படித்துத்தான் உள்ளே போயிருந்தார்கள். இப்போது ஹட்டனிலேயே, பேக்கரிக்கு மேல்மாடியில் யோகேஸ் சேரின் வகுப்பு.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? சேரு கிட்டயே படி," என்றாள் அம்மா வீரம்மா. மலையிலிருந்து வந்து, அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். "ஒன்னைய தோட்டத்து வேலைக்குப் பெயராக்குறதுக்கு நாந்தேன் கூட்டிப் போனேன். கங்காணி கிட்ட பேசி முடிச்சாச்சு. அப்ப சேருதான் இந்த வாசல்ல வந்து நின்னு, இந்தப் புள்ளைய மலைக்கு அனுப்புனா நான் சும்மா இருக்க மாட்டேன்னு சத்தம் போட்டாரு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மறக்க முடியாதது வேறொன்றும் இருந்தது. உயர்தர வகுப்பில் கணக்குப் பிழைத்தவர்களைச் சேர் எழுப்பி நிறுத்துவார். "கூடைய மாட்டிக்கிட்டுக் கொழுந்துக்குப் போ, அதுதான் ஒனக்குச் சரி," என்பார். வகுப்பே சிரிக்கும். ஒருநாள் அப்படி எழுப்பப்பட்ட சுலக்ஷனா, பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. இப்போது அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறாள். அன்றைக்கு முன்வாங்கில் உட்கார்ந்து சிரித்தவர்களில் கிருஷாந்தியும் ஒருத்தி. அவளைச் சேர் ஒருநாளும் எழுப்பியதில்லை. ஊருக்குக் காட்ட அவருக்கு அவள் தேவைப்பட்டாள் என்பது அவளுக்குப் பதினேழு வயதிலேயே தெரிந்திருந்தது.

சேரின் தொடக்க வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல்நாள், ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று கண்டிக்குப் போனாள்.

கண்ணாடிக் கதவு போட்ட அறை. குளிரூட்டி. வந்திருந்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் முன்பே தெரிந்தவர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளர் இளைஞர்தான்; சட்டைக் கையை மடித்துவிட்டு மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆங்கிலத்தில் தொடங்கி, பகிடி விடும்போது மட்டும் சிங்களத்துக்குப் போனார். புதிதாக வந்திருப்பவர் யாரென்று பார்த்து அவளை எழுப்பி, திரையில் இருந்த கேள்வியை வாசிக்கச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் அவளை யாரும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னதில்லை. அவள் தெளிவாக, சத்தமாக, யோகேஸ் சேர் சொல்லித்தந்த மாதிரியே வாசித்தாள். "டிட்டர்மைன் த வெல்யூ…"

"வாட்?"

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் உரத்துச் சொன்னாள். "டிட்டர்மைன்."

அவர் மேசையிலிருந்து இறங்கினார். மைன் என்றால் என்னுடையது, அப்படியென்றால் உன்னுடையது எது, டிட்டர்-யுவர்ஸா என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பென்றுகூடச் சொல்ல முடியாது. மழைக்கு ஒதுங்கியவர்கள், வழுக்கி விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பதைப் போல. "நங்கி, கொஹெந்த?" என்று சிங்களத்தில் ஊரைக் கேட்டார். ஹட்டன் என்றாள். "ஆ," என்றார். அவ்வளவுதான். அந்த 'ஆ'வுக்கு இன்னொரு தடவை சிரித்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த விரிவுரையாளர்மீது கோபமும் வரவில்லை. அவர் சொன்னது சரி. அவருடைய வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. சரியான சொற்கள் அப்படித்தான் கூசவைக்கும் என்று தோன்றியது. நாவலப்பிட்டி தாண்டியபோது, இத்தனை வருடமும் தன் வாய்க்குள் இருப்பது யாருடைய பிழைகள் என்று எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லாக நாக்கில் எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் யோகேஸ் சேரின் குரல் இருந்தது. கினிகத்தேனை வருவதற்குள் அவளுக்கு அவரைப் பிடிக்காமல் போயிருந்தது.

மறுநாள் பேக்கரி மாடியில் பாண் வேகும் வாசனை. இரண்டு வங்கிகளில் இருந்து ஆட்கள், சில ஆசிரியர்கள், தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர். கதிரை நிரம்பத் தன்னுடைய உயர்தர மாணவர்களையும் சேர் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். முன்வரிசையில் அம்மா. தீபாவளிச் சேலை கட்டியிருந்தாள். சேரே நேரில் போய் அழைத்தாராம்.

"இந்தா இருக்காங்களே வீரம்மா அக்கா, இவங்க மலையில கொழுந்து எடுக்குறவங்க. இவங்க மகதான் இது," என்று அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். எப்போதும்போல மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. "களிமண்ணாத்தான் எங்கிட்ட வந்திச்சு. இன்னைக்குப் பாருங்க."

அம்மா தலையாட்டினாள். களிமண் என்பதற்கும் சேர்த்துத்தான் ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் கிருஷாந்தியைச் சுட்டது. கண்டிக்குப் போவதைப் பணிவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் படியேறும்போது நினைத்திருந்தாள்.

சேர் வெள்ளைப் பலகையில் ஒரு கேள்வியை எழுதி, திரும்பி நின்று வாசித்தார். "டிட்டர்மைன்…"

"சேர், ஒரு நிமிசம்," என்றாள். "அது டிட்டர்மின்."

"என்னா புள்ள?"

"மைன்னா என்னோடதுன்னு அர்த்தம். அப்ப ஒங்களோடது என்னா சேர்? டிட்டர்-யுவர்ஸா?"

முதலில் வங்கிக்காரர் ஒருவர் சிரித்தார். பிறகு ஆசிரியர்கள், வாயை மூடிக்கொண்டு. என்ன பகிடி என்று புரியாவிட்டாலும் உயர்தர மாணவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்களுக்கு அந்தச் சிரிப்பு பலநாள் கடன். சேரும் சிரித்தார். "பாத்தீங்களா? எம் புள்ள எனக்கே சொல்லிக் குடுக்குது. இதுக்கு மேல என்னா வேணும் ஒரு வாத்தியாருக்கு?" என்றார். அது நல்ல பதில். அதோடு முடிந்திருக்கும். எல்லாரும் கைதட்டக்கூடத் தயாரானார்கள்.

அவள் அவருடைய கையிலிருந்து பேனையை வாங்கினாள். பலகையில் இருந்த வசனத்தில் இன்னும் இரண்டு இடத்தில் வட்டம் போட்டாள். "இதும் பிழை. இதும் பிழை." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "நான் கண்டி வகுப்புக்குத்தான் போறேன். பாஸ் பண்ணணும்னு நெனைக்கிறவங்க அங்க போங்க. சேரு பேனர்ல என்னைய கேக்காமதான் போட்டாரு."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. சேர் பலகையை அழிக்கத் தொடங்கினார். வட்டங்களை விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் அழித்தார். பிறகு அது தெரிந்து வட்டங்களையும் அழித்தார்.

பஸ்ஸில் இறங்கி லயம்வரை அம்மா முன்னால் நடந்தாள். சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்த பிறகுதான் கேட்டாள். "என்னாத்துக்குடி அப்படிச் செஞ்ச?"

"அவருதானே பிழையாச் சொல்லிக் குடுத்தாரு."

"ஆமா. ஒனக்குச் சொல்லிக் குடுத்தது அவரு ஒருத்தருதானே."

அதன்பிறகு பலநாள் அம்மா அவளிடம் சோறு இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

பேர் ஒட்டிக்கொண்டது. 'மைன் சேர்.' ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத ஆட்டோக்காரர்கள்கூட அவர் போகும்போது ஹோர்ன் அடித்து, "மைன் சேர், ஏறுங்க," என்றார்கள். வகுப்பில் பின்வாங்கிலிருந்து யாரோ கத்த, சேர் அடித்துவிட்டார். அடிபட்டவனின் தகப்பன் வந்து படியில் நின்று சத்தம் போட்டான். உயர்தரப் பிள்ளைகள் வேறு இடம் தேடிப் போனார்கள். ஐப்பசி மழை விடுவதற்குள் பேக்கரி மாடியில் ஓர் அழகுநிலையம் வந்துவிட்டது. இதையெல்லாம் அலுவலகத்தில் அவளிடம் வந்து, அவளுக்குப் பரிசு கொடுப்பதுபோலச் சொன்னார்கள். முதலில் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. பிறகு, 'மைன்' என்று யாராவது சொன்னால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஆனால் சனிக்கிழமைகள் நன்றாக இருந்தன. அவள் வேகமாகக் கற்றாள். விரிவுரையாளருக்கு அவளைப் பிடித்துவிட்டது. 'எங்கள் ஹட்டன் நட்சத்திரம்' என்பார். அவர் யாரை எப்போது கடிக்கப் போகிறார் என்பது அவளுக்கு முகத்திலேயே தெரிந்தது. மற்றவர்களுக்குச் சற்று முன்னதாகவே சிரிக்கப் பழகிக்கொண்டாள். மொனராகலையில் இருந்து வந்த ஒரு பெண் எழுந்து திக்கியபோது, அவளுடைய சிரிப்புத்தான் முதலில் கேட்டது. அந்தப் பெண் அடுத்த வாரம் வரவில்லை. சுலக்ஷனா ஞாபகத்துக்கு வந்தாள், போனாள்.

மார்கழியில், பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்பு தொடங்கியது. புது ஆட்களும் சேர்ந்தார்கள். அன்று அவள் உட்கார்ந்து கொப்பியை விரித்தபோது, விரிவுரையாளர் கடைசி வரிசையைப் பார்த்துப் புன்னகைப்பதைக் கண்டாள். "அங்கிள், மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தீர்களா? வகுப்பு முடிய நேரமாகும்," என்றார் சிங்களத்தில்.

"நோ சேர். ஸ்டூடன்ட்."

அவள் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. மைக் இல்லாமலே முன்வரிசைக்குக் கேட்கும் குரல்.

எந்த ஊர் என்றார் விரிவுரையாளர். ஹட்டன். அவர் மகிழ்ந்துபோனார். இன்னொரு ஹட்டனா, அப்படியானால் எங்கள் நட்சத்திரத்தைத் தெரியுமா என்று அவளைக் காட்டினார். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று பின்னால் சேர் காத்திருக்கிறார் என்பது அவளுடைய பிடரிக்குத் தெரிந்தது.

"யெஸ் சேர்," என்றார். குரலில் பழைய நிமிர்வு வந்தது. "மை ஸ்டூடன்ட்."

அறை சிரித்தது. நரைக்குச் சாயம் பூசிய மனிதர், பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இடிக்க நின்றுகொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? விரிவுரையாளர் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தார். "இஸ் இட்?"

"நோ, சேர்," என்றாள் கிருஷாந்தி. "ஐ டோன்ட் நோ ஹிம்."

ஒரு சொல்லிலும் பிழை இல்லை. விரிவுரையாளர் திரையின் பக்கம் திரும்பிவிட்டார். பின்னால் அவர் உட்காரக் கதிரை இழுபடும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.

வகுப்பு முடிந்ததும் யாருடனும் நிற்காமல் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடி, ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நிறைந்துகொண்டே வந்தது. அவளுக்குப் பக்கத்து இடத்தில் மட்டும் பையை வைத்திருந்தாள். பஸ் நகரத் தொடங்கியபோது சேர் ஏறினார். குடை சொட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ், கொஞ்சம் தள்ளி ஒக்காருறீங்களா?"

அவள் நிமிர்ந்தாள். 'நீ', 'ஏய்', 'புள்ள' தவிர வேறெப்படியும் அவளை அவர் கூப்பிட்டதில்லை. முகத்தில் கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை. பஸ்ஸில் இடம் கேட்கும் ஒருவரின் முகம், அவ்வளவுதான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சேர்…" என்றாள்.

அவர், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாக, "எங்க போறீங்க?" என்றார்.

"டிக்கோயா."

"அப்படிங்களா. எனக்கு அங்க யாரையும் தெரியாதுங்க."

நடத்துனர் வந்து, இரண்டு பேரா என்று சிங்களத்தில் கேட்டார். ஒருவர்தான் என்று சொல்லிச் சேர் தனக்கு மட்டும் டிக்கட் வாங்கினார். பையிலிருந்து இன்றைய பாடத்தாளை எடுத்து மடியில் விரித்து, உதடு அசையாமல் வாசித்துக்கொண்டு வந்தார். கம்பளை போனது. நாவலப்பிட்டி போனது. ஏற்றம் தொடங்கியதும் சரியாக மூடாத கண்ணாடிக்குள்ளால் மூடுபனி வந்து முழங்கையை நனைத்தது. முதல் வளைவில் பஸ் சாய்ந்தபோது அவருடைய தோள் அவளுடைய தோளில் வந்து மோதியது.

"சொரி, மிஸ்."

அடுத்த வளைவில் அவள் அவர் பக்கம் சாய்ந்தாள். என்ன சொல்வதென்று வாய் திறப்பதற்குள் பஸ் மறுபக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு சாரதி ஹோர்ன் அடிக்கும் போதெல்லாம், வளைவு வருவதற்கு முன்னாலேயே, இருவரும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.