குதிரைக் கார்டு

சனிக்கிழமை காலை அப்பலோன் அண்ணன் ஒரு துணிப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே நான் பழுது பார்க்கக் கொடுத்த சவுண்ட் கார்டு, கம்ப்யூட்டருக்குள் சொருகினால் சத்தம் ஊதுகிற போர்டு.

"எங்கே அந்த சிப்பு?"

"எந்த சிப்பு?"

"நீலப் பொட்டு வெச்ச மொட்டை சிப்பு. எழுத்தே இல்லாம வழவழன்னு இருக்குமே. இந்த இடத்துல இருந்தது. எங்கேண்ணே?"

"ஓ, அந்தப் போலியா? அதைக் கழட்டி எறிஞ்சுட்டேன். இது அசல்மா! ஜப்பான்காரன் பண்ணினது. எட்டு வருஷமா பெட்டியில பூட்டி வெச்சிருந்தேன், எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா? உனக்குத்தான் மனசு வந்து போட்டேன். கேட்டுப் பாரு, சுத்தமா இருக்கும்."

"நான் என்ன சொல்லிட்டு இதை உங்ககிட்ட கொடுத்தேன்?"

"ஸ்பீக்கர் ஒயர் சொருகுற இடம் உடைஞ்சிருக்கு, அதை மாத்துன்னே."

"வேற?"

"வேற எதையும் தொடாதேன்னே." அவர் சிரிப்பு பாதியாகக் குறைந்தது. "நல்லதுக்குத்தானேம்மா..."

"நல்லதா? யாருய்யா உங்ககிட்ட நல்லது கேட்டா? அமானிதமா, நம்பி ஒப்படைச்ச பொருளு அது! உங்ககிட்ட கொடுத்ததுக்கு நாய் வாயில கொடுத்திருக்கலாம், கடிச்சாலும் திருப்பிக் கொடுத்திருக்கும்!"

அறுபத்து நான்கு வயது மனிதர். தாஷ்கந்திலேயே அவர் அளவுக்குப் பற்றவைப்பு தெரிந்த கை கிடையாது. கொரியாக்காரக் குடும்பம், எங்கள் தெருவில் என் அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். அவரைப் போய் நாய் என்றேன். சொன்னதற்கு அப்போது எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, இன்னும் நாலு சொல்லவேண்டும் போலத்தான் இருந்தது.

நான் ஏன் இப்படிக் குதித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என் தம்பி சுஹ்ராப் பத்தொன்பது வயதில், தொண்ணூற்றேழில், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தான். கயிற்றின் மேல் நடக்கிற கழைக்கூத்தாடி ஒருவன், ஏழு கயிறு கடக்கவேண்டும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பாட்டு, எல்லாம் அவனே போட்டது. ஐந்தாவது கயிற்றின் பாட்டில் கர்னாய் ஊதும். கல்யாண ஊர்வலத்தில் ஆள் உயரத்துக்கு ஊதுகுழல் ஒன்றை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஊதுவார்களே, இரண்டு தெரு தாண்டிக் கேட்குமே, அதுதான். பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த நான் முதல் தடவை கேட்டபோது, யார் வீட்டுக் கல்யாணம் என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.

அந்தக் காலத்து விளையாட்டுகளில் பாட்டு பதிவு செய்த பாட்டாக இருக்காது. இந்தச் சுருதியை இவ்வளவு நேரம் ஊது என்று எண்களாக எழுதிய கட்டளைதான் இருக்கும். ஊதுவது கார்டில் இருக்கிற சிப். ஒரே குறிப்பை வைத்து இரண்டு பேர் பிலாவ் சமைத்தால் இரண்டு ருசி வருகிற மாதிரி, கார்டு மாறினால் சத்தமும் மாறிப்போகும். சுஹ்ராப் வைத்திருந்தது சீனாவின் உரும்ச்சியிலிருந்து வியாபாரிகள் மூட்டையில் கொண்டுவந்த மலிவான கார்டு. ஓரத்தில் வெள்ளை மையில் ஒரு குட்டிக் குதிரை அச்சடித்திருக்கும், அதனால் குதிரைக் கார்டு என்போம். போலி சிப். தாழ்ந்த சுருதியில் கரகரவென்று தொண்டை கட்டிக்கொள்ளும். எல்லோரும் அதைத் திட்டித் தூக்கி எறிந்தார்கள். என் தம்பி அந்தக் கரகரப்பைப் பிடித்துக் கர்னாய் ஆக்கினான்.

அவனுடைய இருபதாவது பிறந்தநாளுக்கு என் முதல் சம்பளத்தில் ஊரிலேயே சிறந்த கார்டை வாங்கி நானே பொருத்திக் கொடுத்தேன். அதன் பிறகு கொஞ்ச நாளில் அவனுக்குப் பாட்டில் ஆர்வம் போய்விட்டது, லாரி ஓட்டப் போனான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் காம்சிக் கணவாயில் பனியில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எங்கள் வீட்டில் பொறுமைசாலி அவன் ஒருவன்தான், அவனைத்தான் பூமியில் புதைத்தோம்.

போகட்டும். செத்தவனை நிம்மதியாக விட்டார்களா? மூன்று வருடத்துக்கு முன்னால் கராகண்டாவிலிருந்து ரெனாத் என்று ஒருவன், பழைய விளையாட்டுகளைப் பற்றி வீடியோ போடுகிறவன், சுஹ்ராப்பின் விளையாட்டை எங்கிருந்தோ தோண்டி எடுத்தான். தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்த கார்டில் ஓட்டினான். ஐந்தாவது கயிற்றில் கர்னாய்க்குப் பதிலாகச் சளி பிடித்த கன்றுக்குட்டி கத்தியது. "இதைப் போட்டவனுக்குக் காது இருந்ததா?" என்று கேட்டுவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நாற்பதாயிரம் பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். ஃபெர்கானாவிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் அதன் கீழே, "குதிரைக் கார்டில் போட்டுக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார்.

அன்றைக்குத் தொடங்கிய தேடல். கிட்டத்தட்ட மூன்று வருடம், ஒரு ஞாயிறு விடாமல் யாங்கியாபாத் பழைய சாமான் சந்தை. எனக்குப் பழைய கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் தொழில், பொறுக்கத் தெரியும். பளபளவென்று கழுவி வைத்திருக்கும் போர்டை நான் தொடவே மாட்டேன், எதையோ மறைக்கத்தான் கழுவியிருப்பான். மோந்து பார்ப்பேன், மீன் வாடை அடித்தால் உள்ளே கெப்பாசிட்டர் ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். மெதுவான ப்ராசஸர் ஒன்றைத் தேடி எடுத்தேன், வேகமானதில் கூத்தாடி கயிற்றில் நடக்காமல் பறப்பான். இரைச்சல் போடாத பவர் சப்ளை, கனத்த பழைய மானிட்டர், எல்லாம் சேர்ந்துவிட்டது. குதிரை மட்டும் கிடைக்கவில்லை. பழைய போர்டையெல்லாம் அதிலிருக்கிற துளித் தங்கத்துக்காகத் தங்கக்காரர்கள் எடைக்கு வாங்கி எரித்துவிடுகிறார்கள், எங்கே இருக்கும்? போன மாதம் ஒரு தையல் மெஷினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய கம்ப்யூட்டர்க்காரர்களின் ஆண்டுக் கூட்டம். ரெனாத் வருகிறான். அவன் முகத்துக்கு முன்னால் ஐந்தாவது கயிற்றை ஓட்டவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு முந்தின நாள்தான் இந்த மனுஷர் கார்டின் தொண்டையை அறுத்து, வேறு தொண்டை வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"கழட்டினதை என்ன பண்ணினீங்க?"

"வியாழக்கிழமை கைரத் வந்தான். ஒரு வாளி குப்பை இருந்தது, அதோட..."

"தங்கக்காரன் கைரத்தா? ஐயோ!"

"அவன் சனிக்கிழமைதான் எரிப்பான்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

கைரத் இருக்கிற செர்கெலி வரைக்கும் அவருடைய தகர டப்பா வேனில் போனோம். வழி முழுக்க நான் வாயை மூடவில்லை. "எவன் கேட்டான் உங்ககிட்ட அசலை? உங்க பேத்திக்கு மூக்கு சப்பையா இருக்குன்னு நான் அறுத்துட்டு நல்ல மூக்கு வெச்சா சும்மா இருப்பீங்களா?" என்றேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்காமல் ஓட்டினார்.

கைரத்தின் முற்றத்தில் இரும்புப் பீப்பாயில் ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்தது. அவன் ஒரு தகர முறத்தில் சிப்புகளை அள்ளி உள்ளே கொட்டப் போனான்.

"நிறுத்துடா!"

"என்னக்கா, ரெய்டா?"

"அப்பலோன் அண்ணன் கொடுத்த வாளி எங்கே?"

"இதுதான். பாதி போயாச்சு. என்னக்கா வேணும், ஒரு சிப்புதானே? பத்து எடுத்துட்டுப் போங்க."

"எனக்குப் பத்து வேண்டாம், ஒண்ணு வேணும். அமானிதம்டா அது. என்கிட்ட கேக்காம இந்த மனுஷன் உனக்குக் கொடுத்துட்டாரு."

கைரத் ஆட்களை ஏமாற்றாத நாள் கிடையாது. ஆனாலும் அமானிதம் என்ற சொல் காதில் விழுந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டான். பீப்பாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். அப்பலோன் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "ஏன் பெரியவரே, இதை முதல்ல சொல்லக் கூடாதா? என் தலையிலயும் பாவத்தைக் கட்டப் பாத்தீங்களே!" என்றான். திருடனுக்குத் தெரிந்த தர்மம்கூட இவருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் இரட்டித்தது.

படுக்கை விரிப்பை முற்றத்தில் விரித்து வாளியைக் கவிழ்த்தோம். மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம். ஆயிரம் கறுப்புப் பூச்சிகள் காலை மடக்கிச் செத்துக் கிடப்பது போல் கிடந்தன. மதியத் தொழுகைக்கு அழைத்தபோது கைரத் எழுந்து போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். அதன் பிறகும் வெகுநேரம் கழித்து அப்பலோன் அண்ணன், "ஹுல்கர்" என்று என் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். அவர் விரல் நுனியில் அந்த நீலப் பொட்டு இருந்தது. இரண்டு கால் ஒடிந்திருந்தது.

"பொறுமையா கழட்டினீங்களோ?"

"போலிதானேன்னு இழுத்துட்டேன்" என்றார் தரையைப் பார்த்து.

சாயங்காலம் அவர் பட்டறையில் உட்கார்ந்து, ஒடிந்த இடத்தில் முடி மாதிரி இரண்டு கம்பி வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பற்றவைத்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். "இந்தத் தடவையாவது சொன்னதை மட்டும் பண்ணுங்க" என்றேன். டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

ஞாயிறு மதியம், பண்பாட்டு மன்றத்தின் பின் அறையில் பதினோரு கம்ப்யூட்டர்கள். ரெனாத் தொப்பியும் கேமராவுமாக வந்தான். வீடியோவில் மலை மாதிரி தெரிந்தவன், நேரில் ஒல்லிக்குச்சி.

"இந்த விளையாட்டு எனக்குத் தெரியும்" என்று சிரித்தான். "அந்தக் கன்னுக்குட்டிப் பாட்டு..."

"உக்காரு. பேசாதே."

நாலு கயிறு கடந்தேன். ஐந்தாவது கயிறு வந்தது. முதலில் மேளம் மட்டும் தட்டியது. பிறகு கர்னாய் எழுந்தது. கரகரவென்று, பெருமையாக, வீதியில் மாப்பிள்ளை வருகிற மாதிரி எழுந்தது. அறையின் அந்தக் கோடியில் சம்சா தின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் வாயில் வைத்ததோடு நின்றார். ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார்.

ரெனாத் தொப்பியைக் கழற்றினான். "இது வேற பாட்டா அக்கா?"

"அதே பாட்டுதான்டா, என் தம்பி போட்டது. ஒரு எழுத்து மாத்தலை. உன்னோட அருமையான கார்டுக்கு ஊதத் தெரியலை. வீடியோவுல என்ன கேட்டே? இங்க கேளு."

"அக்கா, விடுங்க..."

"கேளுடா!"

"போட்டவனுக்குக் காது இருந்ததான்னு கேட்டேன்."

"பதில் சொல்லு."

"இருந்தது."

"சத்தமா!"

"இருந்ததுக்கா. எனக்குத்தான் இல்லை. புதுசா வீடியோ போடுறேன், உங்க தம்பி பேரைச் சொல்லி மன்னிப்புக் கேக்குறேன்."

எட்டுத் தடவை ஓட்டச் சொன்னார்கள், எட்டுத் தடவையும் ஓட்டினேன். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கங்கு அணைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு எல்லோரும் பிலாவ் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பலோன் அண்ணன் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானே அவர் தட்டில் இரண்டு துண்டு கறி எடுத்து வைத்தேன். அவர் சாப்பிடாமல் கேட்டார்: "இப்படிப் போடத் தெரிஞ்ச பய, ஏம்மா விட்டுட்டான்?"

"தெரியலைண்ணே. ஆர்வம் போயிடுச்சு. இருபதாவது பிறந்தநாளுக்கு நான் நல்ல கார்டு வாங்கிக் கொடுத்தேன், குதிரையை நானே கழட்டிச் சந்தையில கொடுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான்..."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அப்பலோன் அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

மெல்லக் கேட்டார்: "உன்கிட்ட கேக்காம நான் ஒரு சிப்பை மாத்தினேன். நீ என்னை நாய்ன்னே. அவன் உன்னை என்ன சொன்னான்?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. புதுக் கார்டைப் பொருத்தியதும், "போட்டுக் காட்டுடா" என்றேன். ஐந்தாவது கயிற்றை ஓட்டினான். அந்தக் கன்றுக்குட்டி கத்தியது, நானும் அங்கேதான் இருந்தேன். கார்டின் பெட்டியை, அதன் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காது கொடுக்கவில்லை. அவன் சத்தத்தைக் குறைத்தான். பிறகு எழுந்து வந்து என் கையில் முத்தம் கொடுத்தான்.

"ரொம்ப சுத்தமா இருக்குக்கா" என்றான்.