கூடப் படித்த மாஜிஸ்திரேட்

சட்டக் கல்லூரி விடுதியில் ஆதித்தனுக்குச் சாட்சியச் சட்டத்தைப் பாடம் எடுத்ததே உமர் பாருக்தான். இருவருக்கும் ஒரே அறை. நீதிபதித் தேர்வையும் சேர்ந்துதான் எழுதினார்கள். ஆதித்தன் தேறிவிட்டார். உமர் நேர்முகத் தேர்வில் தட்டிப்போய், கம்பம் பள்ளத்தாக்குக்கே திரும்பி வந்து கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

அவசரநிலை வந்த வருஷம் அதே ஆதித்தன் இந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாஜிஸ்திரேட்டாக மாற்றலாகி வந்தார். முதல் நாள் அவர் மேடை ஏறியபோது வக்கீல்கள் எல்லாரும் எழுந்து தலை குனிந்தார்கள். உமரும் குனிந்தார். வயிறு எரிந்தது.

ஆதித்தனோ அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ரம்ஜானுக்கு உமரின் மனைவி மெகருன்னிசா பிரியாணி கொடுத்தனுப்பினாள். தூக்குச்சட்டி திறக்காமலே திரும்பி வந்தது.

"கூடப் படிச்சவுகன்னு சொன்னீக. ஒரு வாய் திங்கக்கூடவா ஆகாது?"

"அவன் இப்பப் பெரிய மனுசன். நம்ம சோறு அவனுக்கு எறங்காது."

சொன்னது நியாயமில்லை என்று உமருக்கே தெரியும். தோட்டத்து முதலாளி அனுப்பிய திராட்சைக் கூடையும் அப்படித்தான் திரும்பிப் போனது. ஆதித்தன் யார் வீட்டுக்கும் போவதில்லை, யாரையும் வீட்டுக்குள் விடுவதுமில்லை. அந்த நேர்மையும் சேர்ந்து குத்தியது. 'நானாயிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பேன்' என்று நினைத்துக்கொள்வார்.

மாசி மாதம் சந்தனம்மாள் அழுதுகொண்டு வந்தாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் ஒச்சாண்டியை, வேலைநிறுத்தம் பேசினான் என்று போலீஸ் பிடித்துப் போய் நாலு நாளாகியிருந்தது.

"அப்படி ஆளே இங்கன இல்லைன்றாக அய்யா. நேத்து ஸ்டேசன் சன்னல் வழியா கொரல் கேட்டுச்சு. அந்த மனுசன் கொரல் எனக்குத் தெரியாதா?"

உமர் அன்றைக்கே ஓடியாடிப் போலீஸ் மேலதிகாரிகளுக்குத் தந்தி கொடுத்தார். மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒச்சாண்டியைக் கோர்ட்டில் நிறுத்தினார். நேற்று மாலைதான் கைது செய்ததாகவும், விசாரிக்கப் போலீஸ் காவல் வேண்டுமென்றும் சொன்னார். அந்த நாட்களில் போலீஸ் கேட்டதை மறுக்கிறவர்கள் அபூர்வம். வாதாட எழுந்த உமரின் மனசு இரண்டாகக் கிடந்தது. ஒச்சாண்டி வெளியே வர வேண்டும். ஆதித்தன் பணிந்து போவதையும் கண்ணாரப் பார்க்க வேண்டும். 'இவனும் இவ்வளவுதான்' என்று ஒரு தடவை சொல்ல முடிந்தால் போதும்.

ஆதித்தன் ஒச்சாண்டியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொன்னார். பாதம் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது.

"நேற்று மாலை பிடித்தவருக்கு அதற்குள் எப்படிச் சீழ் வைத்தது, இன்ஸ்பெக்டர்?"

"கீழ விழுந்துட்டான் அய்யா. இது மேலிடத்து உத்தரவு..."

"மேலிடம் இங்கே ஆஜராகவில்லை. நீங்கள்தான் ஆகியிருக்கிறீர்கள்."

காவல் மனு தள்ளுபடியானது. ஒச்சாண்டியை டாக்டரிடம் அனுப்பி, ஜாமீனும் கொடுத்தார். சந்தனம்மாள் உமரின் காலில் விழப் போனாள். ஜெயித்த வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை.

சீக்கிரமே ஆதித்தன் மேல் புகார் போனது. கூடப் படித்த வக்கீலுக்காக ஜாமீன் கொடுத்தார் என்று புகார். விசாரிக்க மதுரையிலிருந்து ஜில்லா ஜட்ஜ் வந்தார். அதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் உமரைத் தேடி வந்துவிட்டார்.

"நீங்க பொய் சொல்ல வேணாம் வக்கீலய்யா. ஒரே ரூம்ல இருந்தோம்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கங்க. மத்ததை அவுக முடிவு பண்ணிக்கிருவாக."

விசாரணையன்று ஆதித்தன் வராந்தாவில் கைகட்டி நின்றிருந்தார். மேடை இல்லாமல் ஆள் சிறுத்துத் தெரிந்தார். இந்தக் காட்சிக்குத்தான் உமர் இத்தனை நாள் ஏங்கினார். கிடைத்தபோது இனிக்கவில்லை.

"ஒரே அறையில் தங்கியிருந்தீர்களா?" என்று ஜில்லா ஜட்ஜ் கேட்டார்.

"இருந்தோம் அய்யா."

ஜட்ஜ் பேனாவை மூடப் போனார். ஒச்சாண்டியின் பாதம் உமரின் கண்ணில் வந்து நின்றது.

"இன்னும் ஒண்ணு சொல்லணும் அய்யா. இங்கன வந்ததுலருந்து கோர்ட்டுக்கு வெளிய அவர் என்கூட ஒரு வார்த்தை பேசினதில்லை. எனக்கு அவர் மேல தீராத பொறாமை. எப்பச் சறுக்குவார்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுக் காத்திருந்தவன் நான். எனக்குச் சலுகை காட்டியிருந்தா மொதல்ல ஊரைக் கூட்டினவன் நானாத்தான் இருப்பேன்."

"இதை எழுதிக்கொள்ளலாமா?"

"எழுதிக்கங்க அய்யா."

புகார் எடுபடவில்லை. ஆனாலும் கோடைக்குள் ஆதித்தனைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மதுரை பஸ் புறப்படும் இடத்துக்கு உமர் போனார். பொறுப்பை ஒப்படைத்துவிட்ட ஆதித்தன் அன்றைக்குத்தான் பழையபடி பேசினார்.

"என் மேல அவ்வளவு பொறாமையா, பாருக்?"

"இன்னும் இருக்கு."

ஆதித்தன் சிரித்தார். "அன்னிக்கு ஜாமீன் கொடுக்கறப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சிக்கிட்டேன்."

பஸ் போன பிறகும் உமர் நின்றுகொண்டிருந்தார். அந்த நாற்காலியில் தான் இருந்திருந்தால் கை நடுங்கியதோடு போயிருக்குமா என்று யோசித்தார். பொறாமை மட்டும் விட்டபாடில்லை. ஒச்சாண்டி வழக்குக்கு அன்று வாய்தா. புது மாஜிஸ்திரேட் வந்திருப்பார் என்று கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.