கோபம் வந்தால் மலையாளம்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் மலையாளம் வந்துவிடும். சாதாரண நாளில் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எங்கள் கொல்லயில் கிராமத்தில் எல்லார் வாயிலும் இரண்டு பாஷையும் புழங்கும். ஆனால் அது எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த சமயம். இந்தப் பக்கமெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று உதியன்குளங்கரை சந்திப்பில் மேடையேறிப் பேசினார் மனிதர். கூட்டத்தில் எவனோ குறுக்கே கேலி செய்ய, "போடா பட்டி! நினக்கு எந்தறியாம்?" என்று அவனை நாயாக்கி மைக்கிலேயே பாய்ந்துவிட்டார். தமிழுக்காகப் பேச வந்தவர் மலையாளத்தில் திட்டினால் விடுவார்களா? விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் தருகிறோம், அதிலும் வாய் தவறினால் இனி மேடை கிடையாது என்று கட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கருணாகரன் வீடு. இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். வீட்டில் பேசுவது மலையாளம், ஊர் தமிழ்நாட்டுக்குப் போகவே கூடாது என்கிற கட்சி. இழுப்பு நோய்க்கு வைத்தியர் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியைச் செய்து நோயும் குறைந்து, குணமும் சாந்தமாகிப்போனவர். நான் வெட்கத்தை விட்டு அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அவன் தமிழ் பேசுகதுக்கு நான் ஒத்தாசை செய்யணுமா? நல்ல காரியமாக்கும்!" என்று சிரித்தார். மறுநாள் விடியும்போதே வந்து இவரைத் திண்ணையில் உட்காரவைத்தார்.

"எலே தாணு, நிமிந்து இரி. தோளை இறக்கு. வலது மூக்கை அடச்சு இடதுல மெல்ல இழு. இனி இடதை அடச்சு வலதுல விடு. அப்புறம் வலதுல இழுத்து இடதுல விடு. இழுக்கதை விட விடுகது மெதுவாட்டு இருக்கணும்."

"மூச்சை அடக்கி நிறுத்தாண்டாமா?"

"வேண்டாம். முட்டுனா உனக்குக் கோவம்தான் வரும். நீ விடப் படிச்சா போதும்."

தினமும் பயிற்சி முடிந்ததும் கருணாகரன் சோதனை வைப்பார். "தமிழ்நாட்டுக்குப் போயி என்னத்தலே திங்கப் போற?" என்பார். இவர் முகம் சிவக்கும், விரல் மூக்குக்குப் போகும், அப்புறம் தமிழில் பதில் வரும். ஒருநாள் குழம்பில் நான் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டேன். "கொஞ்சம் கூடுதலாக்கும், பரவாயில்ல" என்றார். எனக்குப் பயமே வந்துவிட்டது.

அதே சந்திப்பில் நடந்த கூட்டத்துக்கு நானும் போனேன். கடை ஓரமாகப் பெண்களோடு நின்றேன். அன்றும் கேலி பறந்தது. இவர் வியர்வை துடைப்பதுபோல் மூக்கைப் பிடித்தார், விட்டார். பிறகு பேசினாரே ஒரு பேச்சு! நல்ல தமிழ், நிதானமான குரல். பேச்சின் நடுவிலேயே கைதட்டல் எழுந்துகொண்டே இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கூட்டத்தின் ஓரத்தில் கருணாகரனும் நின்றிருந்தார். தான் பழக்கியது பலித்ததா என்று பார்க்க வந்திருப்பார். கட்சிப் பையன்கள் இரண்டு பேர் அவரைக் கண்டுகொண்டார்கள்.

"எதிர்க்கட்சிக்காரனுக்கு இஞ்ச என்னலே சோலி?" என்று ஒருவன் தோள்துண்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினான்.

மேடையில் இவருக்கு மூச்சும் நினைவில்லை, மூக்கும் நினைவில்லை.

"எடா! அவன்றெ மேலெ கை வெச்சா நின்றெ கை ஒடிக்கும் ஞான்!"

சந்திப்பே திரும்பிப் பார்த்தது. பையன் துண்டை விட்டுவிட்டான். மேடை போயிற்று என்று நினைத்தேன். போனால் போகட்டும், இதற்கு மேல் எனக்கு என்ன பெருமை வேண்டும் என்றும் நினைத்தேன்.

கருணாகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேடையைப் பார்த்து வலது மூக்கை விரலால் அடைத்துக் காட்டினார். இவரும் அத்தனை பேர் முன்னால் கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாக மூச்சை விட்டார். பிறகு நிறுத்திய இடத்திலிருந்து தமிழில் தொடர்ந்தார். இவரை மேடையிலிருந்து இறங்கச் சொல்ல அன்றைக்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை.